விமானம் இறங்கும்போது நெற்றியைப் பிளக்கும் வலி... சளியோடு பறக்கலாமா?

வளைகுடா நாடுகளிலிருந்து திருச்சிக்கு வரும் விமானங்களில் அடிக்கடி பார்க்கக்கூடிய காட்சி இது. இரண்டு வருடம் கழித்து, தங்கையின் கல்யாணத்துக்காக துபாயிலிருந்து ஊருக்கு வருகிறார் ஓர் இளைஞர். மூன்று நாள்களாக ஜலதோஷம். 'சாதாரண சளிதானே' என்று விமானம் ஏறிவிட்டார். மூன்றரை மணி நேரம் ஒரு பிரச்னையும் இல்லை. சாப்பிட்டார், போனில் படம் பார்த்தார், தூங்கினார்.

'இன்னும் சற்று நேரத்தில் தரையிறங்கப் போகிறோம்' என்ற அறிவிப்பு வந்த சில நிமிடங்களில், வலது புருவத்துக்கு மேலே ஆணி அடிப்பதுபோல ஒரு வலி. கண்ணில் நீர் கொட்டுகிறது. பக்கத்து இருக்கைக்காரர் கொடுத்த மிட்டாயைச் சப்புகிறார். மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றை அழுத்திப் பார்க்கிறார். தைலம் தடவுகிறார். எதற்கும் வலி மசியவில்லை. 'மூளையில ஏதாச்சும் வெடிச்சிருச்சோ' என்ற பயம் வேறு. தரையிறங்கி மூக்கைத் துடைத்தால், கைக்குட்டையில் ரத்தம்.

அது மூளைப் பிரச்னை அல்ல. 'பாரோசைனஸைட்டிஸ்' என்று மருத்துவர்கள் சொல்லும் சைனஸ் அழுத்த வலி. அவர் செய்தவை அனைத்தும் காது அடைப்புக்கான வைத்தியம். அதையும் வலி வந்த பிறகே செய்தார். சைனஸ் வலியைப் பொறுத்தவரை, அது வருவதற்கு முன்பே செய்யும் வைத்தியம்தான் பலன் தரும்.

விமானத்துக்குள் ஒரு கொடைக்கானல்

நம் நெற்றி எலும்பு, கன்ன எலும்பு, இரண்டு கண்களுக்கு நடுவில், மூக்கின் பின்புறம் என நான்கு ஜோடி காற்றறைகள் இருக்கின்றன. இவைதான் சைனஸ்கள். ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் அளவே உள்ள சிறிய திறப்பு வழியாக மூக்கோடு இணைந்திருக்கிறது. அந்த வழி திறந்திருக்கும் வரை, உள்ளே இருக்கும் காற்றும் வெளியே இருக்கும் காற்றும் ஒரே அழுத்தத்தில் இருக்கும்.

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. அதாவது, இருக்கையில் உட்கார்ந்தபடியே கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போய் வருவதுபோல. 8,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குதான். கொடைக்கானல் மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். அழுத்தம் குறைந்தால் அடைபட்ட காற்று விரியும். விமானத்தில் காலி செய்து மூடிவைத்த தண்ணீர் பாட்டில், தரையிறங்கிய பிறகு நசுங்கிக் கிடப்பது இதற்கு நேர்மாறு.

மலைப்பாதையில் பஸ் மெதுவாக இறங்குகிறது. விமானத்தில் அதே 'கொடைக்கானல்' இருபது, முப்பது நிமிடங்களில் தரைக்கு வந்துவிடுகிறது. சளி பிடித்த மூக்குக்கு அந்த அவகாசம் போதாது.

ஏறும்போது இல்லாத வலி இறங்கும்போது ஏன்?

விமானம் ஏறும்போது சைனஸுக்குள் இருக்கும் காற்று விரிந்து, சளியைத் தள்ளிக்கொண்டு எப்படியாவது வெளியேறிவிடும். அப்போது வலிப்பது குறைவு. இறங்கும்போது காற்று உள்ளே போக வேண்டும். சளியாலோ அலர்ஜியாலோ வீங்கிய சவ்வு, ஒருவழிக் கதவுபோல அந்தச் சிறு திறப்பை மூடிக்கொள்கிறது. உள்ளே வெற்றிடம் போன்ற நிலை உருவாகிறது.

ஜூஸ் டப்பாவில் ஸ்ட்ராவைப் போட்டு உறிஞ்சினால் டப்பா ஒடுங்கும். எலும்பு ஒடுங்காது. அதனால் எலும்பின் உட்புறம் ஒட்டியிருக்கும் மென்மையான சவ்வு இழுக்கப்படுகிறது. அது வீங்கி, நீர் கோத்து, சில நேரம் சிறு ரத்தக்குழாய்கள் கிழிந்து ரத்தம் கசிகிறது. கைக்குட்டையில் தெரிந்த ரத்தம் அதுதான். அதிகம் பாதிக்கப்படுவது நெற்றி சைனஸ். கன்ன சைனஸ் என்றால் மேல் கடைவாய்ப் பற்கள் வலிப்பதுபோல இருக்கும்.

விமானத்தில் அழுத்தம் எவ்வளவு முக்கியம் என்பதை 2018 செப்டம்பரில் நடந்த ஒரு சம்பவம் காட்டியது. மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குக் கிளம்பிய விமானத்தில், உள்ளே அழுத்தத்தைப் பராமரிக்கும் சுவிட்சை இயக்க விமானிகள் மறந்துவிட்டனர். 30-க்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டனர்; சிலருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது. விமானம் மும்பைக்கே திரும்பியது. அது விமானத்தில் நடந்த தவறு. அடைத்த மூக்கோடு ஏறுபவருக்கோ, எல்லாம் சரியாக இயங்கும் விமானத்திலும் அழுத்தம் பிரச்னையாகிவிடுகிறது.

மிட்டாய் காதுக்கு... மூக்குக்கு அல்ல!

விமானத்தில் காது அடைத்தால் மிட்டாய் சப்புவதும், எச்சில் விழுங்குவதும், கொட்டாவி விடுவதும் நல்ல வழிகள். காதையும் தொண்டையின் மேல்பகுதியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாயைத் திறக்கத் தசைகள் இருக்கின்றன. விழுங்கும்போது அந்தத் தசைகள் குழாயைத் திறந்துவிடும்.

சைனஸ் திறப்புகளுக்கு அப்படித் தசை எதுவும் கிடையாது. நாமாக அதைத் திறக்க முடியாது. வீக்கம் குறைந்தால்தான் வழி திறக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாகக் காற்றை அழுத்துவதும், வேகமாகச் சிந்துவதும் சளியைக் காதுக்கும் சைனஸுக்கும் தள்ளி நிலைமையை மோசமாக்கலாம்.

சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த தைலம்? மெந்தால் கலந்த தைலங்கள் மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டி, மூக்கு திறந்ததுபோன்ற உணர்வைத் தரும். வீக்கத்தைக் குறைக்காது. வீட்டில் நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது சளியைச் சற்று இளக்கி இதம் தரலாம். ஆனால் நான்கு மணி நேரம் கழித்து விமானம் இறங்கும்போது அந்த இதம் கூட வராது.

அலாரம் வையுங்கள்!

வீக்கத்தைக் குறைக்க உதவுவது, ஆக்ஸிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின் கலந்த மூக்கடைப்பு ஸ்பிரே. இதில் நேரம் முக்கியம்.

* நீண்ட பயணம் என்றால், தரையிறங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஸ்பிரே செய்ய வேண்டும். வலி தொடங்கிய பிறகு அடித்தால், அடைபட்ட இடத்துக்கு மருந்து போய்ச் சேர்வது கடினம்.

* சென்னை - மதுரை போன்ற ஒரு மணி நேரப் பயணம் என்றால், விமானம் ஏறுவதற்குச் சற்று முன்பே போட்டுக்கொள்ளலாம்.

* போனில் அலாரம் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிக்கெட்டில் இருக்கும் தரையிறங்கும் நேரம், இறங்கும் ஊரின் நேரம். ஃபிளைட் மோடில் இருக்கும் போன், கிளம்பிய ஊரின் நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம். திருச்சியில் காலை 6 மணிக்கு இறங்க வேண்டுமென்றால், 5 மணிக்கு ஸ்பிரே செய்ய வேண்டும். துபாய் நேரத்தில் அது 3.30 மணி.

* மெதுவாக மூக்கைச் சிந்திவிட்டு, தலையைச் சற்றுக் குனிந்து, ஸ்பிரே முனையை மூக்கின் நடுச்சுவர் பக்கம் திருப்பாமல் வெளிப்பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். பலமாக உறிஞ்ச வேண்டாம்.

* ஸ்பிரே கைப்பையில் இருக்கட்டும். செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டால், வாங்கியும் பிரயோஜனமில்லை.

இந்த ஸ்பிரேயைத் தொடர்ந்து மூன்று முதல் ஐந்து நாள்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. மீறினால், மருந்தே மூக்கடைப்பை உண்டாக்கும் நிலை வந்துவிடும். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு பிரச்னை, கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம்.

'ஒரு சளி மாத்திரை போட்டால் போதாதா?' என்று கேட்கலாம். கடையில் கிடைக்கும் பல சளி மாத்திரைகளில் மூக்கடைப்புக்காகச் சேர்க்கப்படுவது ஃபெனைல்எஃப்ரின். இதை மாத்திரையாக விழுங்கும்போது வழக்கமான அளவில் மூக்கடைப்புக்குப் பலன் இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023-ல் ஒருமனதாகக் கூறியது. மேலும், கோடீன் கலந்த இருமல் மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. வெளிநாட்டுக்கு மருந்து கொண்டுபோகும்போது, அந்த நாட்டின் விதிகளைப் பார்த்துவிட்டு, மருந்துச் சீட்டையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

அலர்ஜியால் அடிக்கடி மூக்கடைப்பவர்கள், மருத்துவர் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். அது முழுமையாக வேலை செய்யச் சில நாள்கள் ஆகும். உப்புநீரால் மூக்கைக் கழுவும் பழக்கம் இருந்தால் தொடரலாம். ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தாமல், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரையே பயன்படுத்த வேண்டும்.

விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டிருக்கும். அதனால் அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள். மது வேண்டாம். அது மூக்குச் சவ்வின் வீக்கத்தை அதிகமாக்கும்.

குழந்தை அழுதால்?

நெற்றி சைனஸ் குழந்தை பிறக்கும்போதே இருப்பதில்லை. வளர வளரத்தான் உருவாகிறது. அதனால் கைக்குழந்தை தரையிறங்கும்போது வீறிட்டு அழுதால், பெரும்பாலும் காது வலிதான் காரணம். விமானம் இறங்கத் தொடங்கும்போது குழந்தையை எழுப்பி, தாய்ப்பாலோ பாட்டிலோ கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறக்கும். பெரியவர்களின் ஸ்பிரேயைக் குழந்தைக்குப் போடக் கூடாது.

வலி வந்துவிட்டால்...

பதற்றப்படாமல் நிமிர்ந்து உட்காருங்கள். விமானப் பணியாளரிடம் சொல்லுங்கள். ஸ்பிரே இருந்தால் ஒருமுறை போட்டுக்கொள்ளலாம். வழக்கமாக ஒத்துக்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரை எடுக்கலாம். ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்காமல், முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடங்கள் அழுத்திப் பிடியுங்கள்.

சளியே இல்லாதபோதும் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஒரு பக்கக் கண்ணைச் சுற்றிக் குத்துவதுபோல வலித்து, தரையிறங்கிய அரை மணி நேரத்துக்குள் மறைந்துவிடுகிறதா? அது 'விமானத் தலைவலி' ஆக இருக்கலாம். சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் இதற்குத் தனி இடமே உண்டு. இதற்கு வைத்தியம் வேறு. நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பார்வை மங்குதல், கண்ணைச் சுற்றி வீக்கம், கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், கடும் காய்ச்சல், நிற்காத ரத்தக் கசிவு... இவற்றில் ஏதாவது இருந்தால் சைனஸ் என்று நினைத்துக் காத்திருக்காமல், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஏறலாமா, தள்ளிப்போடலாமா?

மூக்கில் ஒரு பக்கமாவது நன்றாகக் காற்று போய்வருகிறது, காய்ச்சல் இல்லை, முகத்தில் வலி இல்லை என்றால், ஸ்பிரேயோடு பயணிக்கலாம். காய்ச்சல், நெற்றியிலோ கன்னத்திலோ அழுத்தினால் வலி, கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சளி, முன்பு ஒருமுறை இதே வலி வந்த அனுபவம், சமீபத்தில் சைனஸ் அறுவை சிகிச்சை... இவற்றில் ஒன்று இருந்தாலும், மருத்துவரைப் பார்க்காமல் ஏறக் கூடாது. கடுமையான சளியோடு விமானம் ஓட்டக் கூடாது என்பது விமானிகளுக்குச் சொல்லித்தரப்படும் பாடம். பயணிகளைத்தான் யாரும் கேட்பதில்லை.

டிக்கெட் பணம் போய்விடும், விடுப்பு வீணாகிவிடும், கல்யாண வீட்டில் எல்லோரும் காத்திருப்பார்கள் என்பதெல்லாம் உண்மைதான். அதனால்தான் சளி பிடித்த முதல் நாளே முடிவெடுக்க வேண்டும். அன்றே மருத்துவரைப் பார்த்தால், பயண நாளுக்குள் மூக்கு ஓரளவு திறந்துவிட வாய்ப்பு உண்டு. திறக்கவில்லை என்றாலும், தேதியை ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போட விமான நிறுவனத்திடம் கேட்க அவகாசம் இருக்கும்.

அந்த இளைஞருக்கு நெற்றி வலி ஒருவாறு குறைந்துவிட்டது. கல்யாண வேலைகள் இழுத்துக்கொண்டன. இனி அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். பத்து நாள் விடுப்பு முடிந்து திரும்பப் பறப்பதற்கு முன், ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். வலி போய்விட்டாலும், உள்ளே காயம் ஆறியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதே மூக்கோடு மறுபடி இறங்க வேண்டியிருக்கிறதே!