ஈரலிற் படிந்த கொழுப்பும் இதயத்தின் நலமும்

வேறு எதற்கோ எடுத்த ஸ்கானில் ‘ஈரலிற் கொழுப்பு’ எனக் கண்டார்களாம் என்ற பேச்சு இந்நாட்களில் எம்மவரிடையே அடிக்கடி காதில் விழுகின்றது. குடிப்பவருக்கு வரும் நோயெனக் கருதிச் சிலர் அவ்வறிக்கையை அலுமாரியில் ஒளித்துவிடுகின்றனர். வேறு சிலர், நோவில்லை, ஆகவே நோயுமில்லை என்று இருந்துவிடுகின்றனர். இரண்டுமே தவறு.

மதுசாரத்தைத் தொடாதவருக்கும் இது வரும். இலங்கையின் றாகமவில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் 2007இல் 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 3000 பேரைப் பரிசோதித்தனர். மூவரில் ஒருவருக்கு மதுவால் வராத ஈரற்கொழுப்பு இருந்தது. எமது கெல்லிவில்லுக்கு அண்மையிலுள்ள வெஸ்ற்மீட்டைச் சேர்ந்த பேராசிரியர் ஜேக்கப் ஜோர்ஜ் முதலிய நிபுணர்கள், இதனை அனுசேபக் கோளாற்றோடு தொடர்புபடுத்திப் பெயரிட வேண்டுமென 2020இல் முன்மொழிந்தனர். எனவே நாணத்துக்கு இங்கு இடமில்லை.

ஆயினும் கவனத்துக்கு இடமுண்டு. கொழுப்பு நிறைந்த ஈரல் இன்சுலினுக்குச் சரிவரப் பணியாது. தேவைக்கு மேலாகச் சீனியையும் கொழுப்பையும் குருதியில் விடும். நன்மை தரும் கொலஸ்ரரோல் குறையும். காலப்போக்கில் இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடிகளிற் கொழுப்புப் படிந்து, மாரடைப்புக்கு வழி பிறக்கும். ஈரற்கொழுப்பு உடையோரின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது ஈரல் நோயன்று, இதய நோயே. ஈரலைப் பற்றிய அந்த அறிக்கை, உண்மையில் இதயத்துக்கு வந்த முன்னறிவித்தல் எனக் கொள்வோமாக.

ஆகவே அறிக்கையைக் குடும்ப வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். குருதியமுக்கம், சீனி, கொலஸ்ரரோல் மூன்றையும் பார்க்கும்படியும், ஈரலிற் தழும்பு உண்டா என ஆராயும்படியும் கேளுங்கள். மொழி தடையாயின் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து மறித்து அழைத்துச் செல்ல வேண்டாம். 131 450 என்ற இலக்கத்தில் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைப் பெறலாம். கொலஸ்ரரோல் குளிசை ஈரலைக் கெடுக்குமென அஞ்சித் தாமாகவே நிறுத்துவோர் உளர். ஈரற்கொழுப்பு இருப்பினும் அம்மருந்தைப் பொதுவாகப் பாதுகாப்பாக உட்கொள்ளலாம். வைத்தியரைக் கேளாது நிறுத்தலாகாது.

எம்மினத்தவருக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரை எட்டினால் எச்சரிக்கை தேவை. எண்பது கிலோ நிறையுள்ளவர் ஆறு முதல் எட்டுக் கிலோ வரை படிப்படியாகக் குறைத்தால் ஈரற்கொழுப்புப் பெரிதும் கரையும். சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுதல், இனிப்புப் பானங்களை வீட்டுக்குள் எடாதிருத்தல், புகைத்தலைக் கைவிடுதல், வாரத்தில் ஐந்து நாட்கள் அரைமணி நேரம் விரைந்து நடத்தல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. கொண்டாட்டங்களில் ரோல்சும் பற்றிசும் மறுத்தவரை மீண்டும் மீண்டும் வற்புறுத்தாதிருத்தலும் நல்ல உபசாரமே.

இரவு வேலை, விசாக் கவலை, ஊருக்கு அனுப்பும் பணம் என்று எம்மவர் தம் உடலைக் கடைசி வரிசையில் நிறுத்திவிடுகின்றனர். இத்தனை இடர் கடந்து காத்த உயிர் அது. நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ தோன்றின் விடியட்டும் எனக் காத்திராது உடனே 000ஐ அழையுங்கள். மற்றையோர் இவ்வாரமே அந்த அலுமாரியைத் திறப்பீர்களாக.