அவசர டிராலிக்குப் பூட்டு எதற்கு?

வடசென்னைக் கொடுங்கையூரில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், வீட்டார் வாயில் முதலில் வருவது ‘ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்’ என்பதுதான். எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் லாரிகள். மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர். எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அரசு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று இங்கேயே குடியிருக்கும் எனக்குக் கவலை அதற்குப் பிறகுதான். எந்த மருத்துவமனையாகவும் இருக்கட்டும், வார்டுக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு இதயம் நின்றால் அங்கே என்ன நடக்கிறது?

நெஞ்சை அமுக்கவும் ஆளில்லை, ஷாக்கும் கொடுக்கவில்லை என்றால், ஷாக்கினால் மீளக்கூடியவருக்கும் நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் வரை பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். மருத்துவமனைக்குள் 2 நிமிடத்தில் முதல் ஷாக் என்பது இலக்கு. ஆனால் நான் வேலை பார்த்த ஒரு வார்டில், அவசர மருந்தும் கருவிகளும் இருக்கும் எமர்ஜென்சி டிராலி பூட்டியிருக்கும். சாவி இன்சார்ஜ் சிஸ்டரிடம். அவர் இண்டென்ட் வாங்க ஸ்டோருக்குப் போயிருப்பார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஓர் அட்ரினலின் ஆம்பியூல் கணக்கில் குறைந்தால் விளக்கம் எழுத வேண்டியவர் அவர். சாவி வரத் தாமதமானதற்கு யாரும் அவரிடம் விளக்கம் கேட்டதில்லை.

பூட்டுக்குப் பதிலாக, இழுத்தால் அறுந்துவிடும் பிளாஸ்டிக் சீல் போதும். சீல் அறுந்திருந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள், உடனே நிரப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். கணக்கும் தப்பாது. ஷிஃப்ட் மாறும்போது லாரிஞ்சோஸ்கோப் பல்ப் எரிகிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா, மூச்சு கொடுக்கும் அம்பு பேக் கிழியாமல் இருக்கிறதா, ஷாக் கொடுக்கும் டெஃபிப்ரிலேட்டர் பிளக்கில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா? நன்கொடையாக வந்த மெஷின் போட்டோ எடுத்த கையோடு மூலைக்குப் போய், பேட்டரி செத்துக் கிடப்பது ஏழை நாடுகள் பலவற்றிலும் நடக்கிற கதை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரை கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் வந்து சேர்ந்தவரை வார்டில் விட்டுவிட்டால் என்ன பயன்?

நெஞ்சை அமுக்க மெஷின் வேண்டாம், இரண்டு கை போதும் என்று 1960-லேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம். மெத்தை அமுங்குகிற கட்டிலில் முதுகுக்கடியில் பலகை வைக்காவிட்டால் அமுக்கும் பலத்தில் ஒரு பகுதி மெத்தைக்கே போய்விடும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். இரவு டியூட்டியில் ஒரே ஒரு சிஸ்டர், யாரோடு மாறுவார்? ஆயாம்மாவும் வார்டு பாயும் செக்யூரிட்டியும்தான் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள் என்பதால் பயிற்சி வகுப்புக்குக் கூப்பிடுவதே இல்லை. பொதுமக்களும் செய்யும்படி, வெறும் நெஞ்சழுத்த முறை ஒன்றை 2017-ல் இந்திய மயக்கவியல் மருத்துவர்களே வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பொதுமக்களுக்கு முடியும் என்றால் ஆயாம்மாவுக்கு முடியாதா?

ஸ்டாக் லெட்ஜரைச் சரிபார்க்க வரும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆய்வுக்கு இரவில், சொல்லாமல் வாருங்கள். ஒரு காலிக் கட்டிலைக் காட்டி, ‘இவருக்கு இதயம் நின்றுவிட்டது’ என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். டெஃபிப்ரிலேட்டர் வந்து சேர எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் அந்த லெட்ஜரிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.