அமிலக் கதையும் ஏதுப்போலியும்

சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில், சில வாரங்களுக்கு முன் இலக்கிய நண்பர் ஒருவரோடு நடந்த விவாதமே இக்கட்டுரைக்குக் காரணம். நல்ல வாசகர், மொழிபெயர்ப்பாளரும்கூட. அவர் வாதம் இது: "2020இல் ஹைட்ராக்சிகுளோரோகுவின் கொரோனாவை முறியடித்திருக்கும். மலேரியாவுக்கான மலிவு மாத்திரை என்பதால் பெருநிறுவனங்கள் அதைப் புதைத்துவிட்டன. உயிரணுவின் அமிலத்தன்மையை மாற்றி வைரஸைத் தடுக்கிறது என்று ஆய்வேடுகளே சொல்கின்றனவே!"

இதே வாதத்தை நம் சிற்றிதழ் வட்டத்தில் வேறு சிலரிடமும் கேட்டுவிட்டேன். எனவே பொதுவில் மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அமிலக் கதை பொய்யன்று. குளோரோகுவினும் அதன் நெருங்கிய உறவான ஹைட்ராக்சிகுளோரோகுவினும் வலுக்குறைந்த காரங்கள். உயிரணுவுக்குள் அமிலம் நிறைந்த நுண்பைகள் உண்டு. சவ்வைக் கடந்து அப்பைக்குள் புகும் மருந்து, அங்கே மின்னூட்டம் பெற்று, வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்கிறது. மூலக்கூறுகள் சேரச் சேரப் பையின் அமிலத்தன்மை குறைகிறது. மலேரியாக் கிருமியிலும் மருந்து இப்படித்தான் குவிகிறது. இரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினைத் தின்று வாழும் அக்கிருமி, எஞ்சும் நச்சுப் பொருளான ஹீமைப் படிகமாக்கி ஒதுக்கும். அதை ஒதுக்கவிடாமல் மருந்து தடுக்கிறது. இன்ஃபுளுவென்சா போன்ற வைரஸ்களோ, நுண்பைக்குள் விழுங்கப்பட்ட பின் அங்குள்ள அமிலத்தின் தூண்டுதலால்தான் தம் உறையைப் பையின் சவ்வோடு இணைத்து, மரபுப்பொருளை உள்ளே செலுத்துகின்றன. அமிலம் குறைந்தால் அந்த நுழைவு தடைப்படும். 2005இல் முதல் சார்ஸ் வைரஸைக் குளோரோகுவின் ஆய்வகத்தில் தடுத்ததாக வெளியான கட்டுரையையே நண்பர் போன்றோர் எடுத்துக்காட்டுவது வழக்கம்.

எந்த உயிரணுவில் தடுத்தது என்பதை மட்டும் அவர்கள் கேட்பதில்லை. அது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்தெடுத்த வீரோ உயிரணு. அதனுள் கொரோனா வைரஸ் அமிலப்பை வழியாக நுழைகிறது. மனித நுரையீரல் உயிரணுவின் மேற்பரப்பிலோ, வைரஸின் கூர்முனைப் புரதத்தை வெட்டிப் பக்குவப்படுத்தும் நொதி ஒன்று உண்டு. அதன் உதவியால் வைரஸ் அமிலப்பைக்குப் போகாமல் வாசலிலேயே உட்புகுந்துவிடும். நுரையீரல் உயிரணுவில் குளோரோகுவின் புதிய கொரோனா வைரஸைத் தடுக்கவில்லை என்பதை 2020 ஜூலையில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

தமிழ் படித்தவர்களுக்கு இப்பிழை புதிதாகத் தோன்றக்கூடாது. மணிமேகலையில் அறவண அடிகள் உரைக்கும் அளவையியலில் ஏதுப்போலி மூவகைப்படும்: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். துணிபொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருசேரக் காணப்படும் ஏது, அநைகாந்திகத்துள் அடங்கும். மருந்து குரங்கின் உயிரணுவிலும் அமிலத்தைக் குறைத்தது, வைரஸ் நின்றது. மனித நுரையீரல் உயிரணுவிலும் குறைத்தது; வைரஸ் நிற்கவில்லை. 'அமிலம் குறைகிறது, ஆதலால் நோய் தீரும்' என்பது இதே போலிதான். வகுப்பறையில் மதிப்பெண்ணுக்காக நடத்தும் பாடத்தைத் தேநீர்க் கடையில் மறந்துவிடுகிறோம்.

அமிலத்தை நம்பி நுழையும் வைரஸ்களிடமாவது இம்மருந்து வென்றதா? 2006இல் தமிழகத்தையும் மூட்டுவலியால் முடக்கிய சிக்குன்குனியா அத்தகைய வைரஸ். ஆய்வகத்தில் குளோரோகுவினுக்குப் பணிந்தது. அதே ஆண்டு இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பயனில்லை. 200 நாள் கழித்து மூட்டுவலி என்றவர்கள் மருந்து உண்டவர்களிடையேதான் அதிகம். சிங்கப்பூரில் சுமார் 1,500 பேரிடம் நடந்து 2011இல் வெளியான சோதனையில், இன்ஃபுளுவென்சாவையும் அது தடுக்கவில்லை. ஆய்வகக் குப்பியும் மனித உடலும் ஒன்றல்ல என்பது 2020க்கு முன்பே தெரிந்த செய்தி.

ஆயினும் 2020 மார்ச்சில் மார்சேய் நகரிலிருந்து வந்த ஒரு சிறு கட்டுரை உலகையே ஆட்டிவைத்தது. மருந்து பெற்ற 26 பேரில் 6 பேர் கணக்கிலிருந்து விடுபட்டிருந்தனர். அவர்களில் மூவர் தீவிர சிகிச்சைக்கு மாற்றப்பட்டவர்கள், ஒருவர் இறந்தவர். அக்கட்டுரை 2024 டிசம்பரில்தான் திரும்பப் பெறப்பட்டது. இங்கே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மார்ச் 22 அன்றே, நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்க்கும் நோயுற்றோர் வீட்டாருக்கும் இம்மாத்திரையைத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைத்தது. மே மாதத்தில் காவலர்க்கும் விரித்தது. அச்சமான காலம், அவசரத்தை மன்னிக்கலாம். ஆனால் கேள்விக்கு விடை தந்தது பிரிட்டனின் ரெகவரி சோதனை. குலுக்கல் முறையில் 1,561 பேருக்கு மருந்தும், 3,155 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாளுக்குள் இறந்தோர், மருந்து பெற்றவர்களில் 27 விழுக்காடு, பெறாதவர்களில் 25 விழுக்காடு.

இனிச் சதிக் கதை. மருந்து உயிருக்கே தீங்கு என்று 2020 மே 22இல் லான்செட் வெளியிட்ட கட்டுரை, அதன் தரவைச் சரிபார்க்க வழியில்லாததால் ஜூன் 4இல் திரும்பப் பெறப்பட்டது உண்மை. அது அவ்விதழுக்கு இழுக்கு, மருந்துக்கு நற்சான்றாகிவிடாது. மலிவு மருந்தைப் புதைப்பதே நோக்கமென்றால், டெக்சாமெத்தசோனை ஏன் புதைக்கவில்லை? அதுவும் சில ரூபாய் விலையுள்ள பழைய மருந்து. அதே ரெகவரி சோதனையில், அதே ஜூன் மாதத்தில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. உலகமே ஏற்றுக்கொண்டது. இதற்கு நண்பரிடம் விடையில்லை.

இவ்வளவு கடுமை எதற்கு என்று கேட்கலாம். 2020 ஏப்ரலில், திருவொற்றியூரில் வசிக்கும் என் முன்னாள் மாணவி ஒருத்தி மருந்துக்கடை கடையாக அலைந்தாள். லூபஸ் நோய்க்காக ஆண்டுக்கணக்கில் அவள் உண்டுவந்தது இதே மாத்திரை. அவளுக்கு அது ஊகம் அன்று, நிரூபணமான மருந்து. எங்கும் இருப்பில்லை. நோயே வராத வீடுகளின் அலமாரிகளில் அட்டை அட்டையாக இருந்தது. அப்படி ஓர் அட்டையை எனக்குக் காட்டிப் பெருமைப்பட்டவரும் கவிதை எழுதுகிறவர்தான். அந்த அலமாரிகளை நிரப்பியது அமிலக் கதை.

எனக்கு அம்மாத்திரையின் மீது பகையில்லை. மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் கொசு பெருகும் வடசென்னையில் மலேரியாக் காய்ச்சல் தெரியாத தெரு குறைவு. குளோரோகுவினின் கசப்பை என் நாவும் அறியும். மலேரியாவில் அது நிரூபித்துக் காட்டியிருக்கிறது. கொரோனாவில் நிரூபிக்கச் சொன்னார்கள், முடியவில்லை. கவிதையில் அழகான காரணம் போதும். மாத்திரைக்கு எண்ணிப் பார்த்த நோயாளிகள் வேண்டும். நண்பர் மறுப்பு எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன், டெக்சாமெத்தசோனிலிருந்து தொடங்கட்டும்.