வீதிக் குறி தெரிந்தால் போதுமா?

கொழும்புப் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் ஒரு வேலைநாள் காலை மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு வரும் ஆபத்துகளில் பெரும்பாலானவற்றுக்குக் குறிப்பலகை கிடையாது. மூட்டை இறக்க நிற்கும் லொறிக்குப் பின்னாலிருந்து நாட்டாமி ஒருவர் கைவண்டியோடு வெளிப்படுவார். அடுக்கிய பெட்டிகள் மறைப்பதால் எதிரே வருவது அவருக்குத் தெரியாது. ஆளை இறக்கிய ஓட்டோ, சிக்னல் போடாமல் அந்த இடத்திலேயே திரும்பும். ஒல்கொட் மாவத்தையில் ஓரமாக நிற்கும் பஸ் ஹோர்னை அடித்தபடி வீதிக்குள் நுழையும். நிறுத்திய வேனின் கதவு திறக்கும். கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால், செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு வரும் கூட்டம் நடைபாதை கொள்ளாமல் வீதியில் இறங்கி நடக்கும். இவ்வளவுக்கும் நடுவே போகும் இளைஞரின் சட்டைப்பையில் அனுமதிப்பத்திரம் இருக்கிறது. குறிகளைப் படித்து எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்து, மைதானத்தில் ட்ரயலும் காட்டித்தான் அதை வாங்கியிருக்கிறார். அவரிடம் எதைப் பரீட்சிக்கிறோமோ அதற்கும், வீதியில் அவரைக் காப்பாற்றப்போவதற்கும் இடையிலுள்ள தூரம் மிக அதிகம் என்பதே என் வாதம். அந்தத் தூரத்தைக் குறைக்காமல் தண்டப்பணத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போவதில் பெரிய பயன் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

இலங்கையின் வீதிப் பாதுகாப்புப் பற்றி உலக வங்கி 2020இல் வெளியிட்ட அறிக்கை ஆண்டுக்குச் சராசரியாக 38,000 விபத்துகள், ஏறத்தாழ 3,000 மரணங்கள், 8,000 படுகாயங்கள் என்று கணக்கிட்டது. தெற்காசியாவில் நம் அண்டை நாடுகளைவிட நம்முடைய மரண வீதமே மோசம் என்றும் சொன்னது. பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். வீதியில் இறப்பவர்களிலும் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே மிகப் பெரிய தொகுதி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மறுபடி தொடங்கியதோடு புதிய வண்டிகள் மீண்டும் கடைகளுக்கு வந்துவிட்டன. செயலியில் வரும் சாப்பாட்டு ஓடர்களைக் கொழும்பு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பல இளைஞர்களுக்கு முதல் தொழிலாக இருக்கிறது. பயிலுநர்களின் எண்ணிக்கை கூடப்போகும் இந்த நேரத்தில்தான் அவர்கள் என்ன பயில்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மருத்துவச் சான்றிதழ் எடுத்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பித்து, பல்தேர்வு வினாக்கள் கொண்ட எழுத்துப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும். தமிழிலும் எழுதலாம். பிறகு எல் போர்ட்டோடு ஓடிப் பழகி ட்ரயலுக்குப் போக வேண்டும். எழுத்துப் பரீட்சைக்கு வரக்கூடிய வினாக்களும் விடைகளும் சிறு புத்தகமாகக் கிடைக்கின்றன. இரண்டு மூன்று இரவுகள் மனனம் செய்தால் கரைசேர்ந்துவிடலாம். ட்ரயலில் வண்டியை எட்டு வடிவில் மெதுவாக வளைத்து, காலை ஊன்றாமல் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இதில் எதையும் வீண் என்று சொல்லமாட்டேன். முன்னுரிமை யாருக்கு என்று தெரியாதவரை வீதியில் விடக்கூடாது. மெதுவாகப் போகும்போது வண்டியைச் சாயாமல் பிடிக்கத் தெரியாதவர் நெரிசலில் விழத்தான் செய்வார். ஆனால் முதலாவது நினைவாற்றலையும் இரண்டாவது சமநிலையையுமே அளக்கின்றன. வேகத்தில் வரும்போது திடீரென நிற்கத் தெரியுமா, தடையைக் கண்டு விலகத் தெரியுமா, ஆபத்து கண்ணுக்குப் படுமுன் அதை ஊகிக்கத் தெரியுமா என்ற மூன்று கேள்விகளும் கேட்கப்படாமலே போகின்றன. கார் பழகுகிறவருக்குப் பக்கத்து ஆசனத்தில் ஒருவர் இருந்து, “பார், அந்தப் பிள்ளை ஓடிவரப் போகுது” என்று சொல்லிக் கொடுக்கலாம். மோட்டார் சைக்கிளில் பக்கத்து ஆசனமே இல்லை. ஆகவே லேர்னர்ஸில் பெரும்பாலும் கியர் மாற்றவும் எட்டுப் போடவும் சொல்லித்தருகிறார்கள். மிச்சத்தை அண்ணனிடமோ நண்பனிடமோ கேட்டு, வீதியிலேயே பழகிக்கொள்கிறார்கள்.

அப்படிப் பழகினால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய, ஆனால் இன்றும் வலுவான சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸில் ஹரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. விபத்துகளில் நாலில் மூன்று பங்கு இன்னொரு வாகனத்தோடு மோதியவை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கில் மோட்டார் சைக்கிளுக்குரிய முன்னுரிமையைப் பறித்தவர் மற்ற வாகனச் சாரதி. எதிரே வந்து குறுக்காகத் திரும்பும் கார்தான் அதிகம் கண்ட காட்சி. இடப்பக்கமாக ஓடும் நம் நாட்டில் அது வலப்பக்கம் திரும்பும் வாகனம். மோட்டார் சைக்கிள் வருவதைத் தான் காணவே இல்லை என்பதுதான் அந்தச் சாரதிகள் சொன்ன காரணம். மோதப்போகிறோம் என்று தெரிந்த கணத்துக்கும் மோதலுக்கும் இடையே மோட்டார் சைக்கிள்காரருக்குக் கிடைத்தது பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பின் பிரேக்கை அளவுமீறி மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை, விலகி ஓட்டவும் தெரியவில்லை. அவர்களில் 92 வீதமானோர் தாமாகவோ குடும்பத்தினரிடமோ நண்பர்களிடமோ பழகியவர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய இன்னொரு தேசத்துக் கதை என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி குத்துக்கரணம் போடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது.

அந்த வழக்கம் உயிரைப் பறிக்கக்கூடியது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்சில்லுக்கு மாறுகிறது. வீதியைக் கவ்விப் பிடிக்கும் வலு அப்போது அங்கேதான் அதிகம். பாரம் குறைந்த பின்சில்லை மட்டும் மிதித்தால் நிற்கத் தேவைப்படும் தூரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், சறுக்கவும் செய்யும். முன் பிரேக்கைத் திடீரென அள்ளிப் பிடிக்காமல் அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி, பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இது வாசித்து வருவதல்ல, கை பழக வேண்டிய காரியம். வேகத்தின் கணக்கும் இப்படித்தான். ஊருக்குள் மோட்டார் சைக்கிளுக்கு வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது பயிலுநருக்குத் தெரியும். 50க்கும் 40க்கும் இடையில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆகிறது என்றும், காய்ந்த வீதியில் ஓரளவு நன்றாகவே பிரேக் பிடிக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். 40இல் வந்தவர் சுமார் 21 மீற்றரில் நின்றுவிடுவார். 50இல் வந்தவர் அதே 21ஆவது மீற்றரைக் கடக்கும்போது இன்னும் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் இருப்பார். முதலாமவர் கைவண்டிக்கு முன்னால் நின்றுவிடும் அதே இடத்தில் இரண்டாமவர் நாட்டாமியை மோதித் தூக்கி எறிகிறார். இவ்வளவும் பத்துக் கிலோமீற்றர் வேறுபாட்டில் வருவது. குறுக்குத் தெருக்களில் 50 என்பதே அதிகம் என்பதை இந்தக் கணக்கைப் பார்த்தவருக்குப் பலகை வைத்துச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு ஒரு கனமான மறுப்பு உண்டு. பயிற்சி கொடுத்தால் விபத்து குறையும் என்பது நிரூபிக்கப்படவில்லை என்பார்கள். அது உண்மைதான். மோட்டார் சைக்கிள் பயிற்சி பற்றிய உலக ஆய்வுகளைத் திரட்டி 2010இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பாய்வு உறுதியான முடிவுக்கு வரமுடியவில்லை என்றது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2,000க்கும் மேற்பட்ட புதியவர்களில் ஒரு பகுதியினருக்கு வீதியில் கூடவே போய்ப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி அவர்களின் விபத்து குறையவில்லை. தன்னம்பிக்கையும் வேகமும்தான் கூடின. நோர்வேயில் கார் சாரதிகளுக்குச் சறுக்கல் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது இளம் ஆண்களின் விபத்து அதிகரித்த அனுபவமும் இருக்கிறது. இவற்றை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. ஆனால் இவை சொல்வது என்னவென்று கவனிக்க வேண்டும். திறமை கூடியதாக உணர்கிறவர் ஆபத்தை இன்னும் நெருங்கிப் போகிறார். கையில் பிரேக்கின் பழக்கத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணில் ஆபத்தின் அறிவைக் கொடுக்காவிட்டால் கிடைப்பது இதுதான். ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஒன்றைத் தெரிவு செய்யத்தான் வேண்டுமென்றால் கண்ணைத் தெரிவு செய்வேன். பிரித்தானியாவில் 2002 நவம்பர் முதல் எழுத்துப் பரீட்சையோடு ஆபத்தை முன்னுணரும் பரீட்சை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. வீதிக் காட்சிகளைக் காணொளியாக ஓடவிட்டு, ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்திலேயே பயிலுநர் பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு சீக்கிரம் காண்கிறாரோ அவ்வளவு புள்ளி. அதற்குத் தோற்றிய கார் சாரதிகளை ஆராய்ந்தபோது, முதல் ஆண்டில் சில வகை விபத்துகள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. மாயம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒரு பரீட்சையை மாற்றியதற்குக் கிடைத்த பலன் என்று பார்த்தால் சிறிதல்ல.

இன்னொரு மறுப்பு பொலிஸ் பக்கத்திலிருந்து வரும்: சட்டம் தெரியாமல் யாரும் மீறுவதில்லை, தெரிந்தே மீறுகிறார்கள், பிடித்துத் தண்டித்தால் சரியாகிவிடும். தலைக்கவசத்தைப் பொறுத்தவரை இது பெரிதும் உண்மை. தலைக்கவசம் மரண ஆபத்தை 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்று 2008இன் கொக்ரேன் மதிப்பாய்வு கண்டது. நகரங்களில் இன்று பெரும்பாலானோர் அதை அணிகிறார்கள் என்றால் பொலிஸ் பிடிப்பதும் அதற்கு முக்கிய காரணம். அப்படியிருந்தும் தாடைப் பட்டியைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறவர்களைச் சந்திக்குச் சந்தி காணலாம். பொலிஸுக்காக அணிந்தவருக்குப் பட்டி தேவைப்படுவதில்லை; மோதிய கணத்தில் கவசம் கழன்று தனியே போய்விடும் என்று அறிந்தவர் பூட்டாமல் புறப்படமாட்டார். இதைவிட முக்கியமானவை, பொலிஸ் கண்ணில் படாத தவறுகளும் ஆபத்துகளும். பஸ்ஸின் இடப்பக்கத்தால் நுழைவது, இறங்கும் பயணியின் காலடியில் நுழைவது. மஞ்சள் கடவைக்கு முன் ஒரு பஸ் நின்றிருந்தால் அது யாரையோ கடக்க விட்டிருக்கிறது. அதைத் தாண்டிப் போகும் மோட்டார் சைக்கிளுக்கு அந்த ஆள் கடைசி நேரம்வரை தெரியமாட்டார். வெயிலுக்குப் பின் விழும் முதல் மழையில், தாரில் படிந்த எண்ணெய் மேலெழுந்து வீதி வழுக்கும்; சிறிது நேரம் ஒதுங்கி நின்றால் கழுவிப் போய்விடும். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளின் வாயில்களில் வரும் வாகனத்துக்கு, நிறுத்திய கார்கள் மறைப்பதால், மூக்கை நீட்டாமல் வீதியைக் காண வழியில்லை. லொறிச் சாரதியின் கண்ணாடியில் நமக்கு அவர் முகம் தெரியாவிட்டால் அவருக்கும் நம்மைத் தெரியாது. எந்தப் பொலிஸ்காரரும் இவற்றுக்குச் சீட்டு எழுதப்போவதில்லை. காரணத்தோடு சொல்லிக்கொடுத்தால் மட்டுமே இவை மனதில் நிற்கும்.

மற்றவர் பிழைக்கு மோட்டார் சைக்கிள்காரர் ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. ஹர்ட் அறிக்கையே பெரும்பகுதிக் குற்றத்தைக் கார்க்காரர் மேல்தானே வைத்தது? அதனால்தான் பிரித்தானியாவில் உள்ளது போன்ற ஆபத்தை முன்னுணரும் பரீட்சை இங்கே எல்லா வகை அனுமதிப்பத்திரத்துக்கும் வேண்டும் என்கிறேன். ஓட்டோ, வேன், பஸ், லொறி எதற்குத் தோற்றுகிறவரும், திரும்புமுன் மோட்டார் சைக்கிளைத் தேடிப் பார்க்கிறாரா என்று அதே திரையில் சோதிக்கப்பட வேண்டும். சிறிய உருவம் தூரத்தில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் கண்ணுக்குத் தோன்றுவது மனித இயல்பு. அதைத் திருத்தப் பழக்கம்தான் வழி. காட்சிகளை வெளிநாட்டிலிருந்து வாங்காமல் இங்கேயே படமெடுக்க வேண்டும். காலை நேரத்து மலிபன் வீதி, மாலையில் மத்திய பஸ் நிலையத்தின் வாசல், மழையில் ஆமர் வீதிச் சந்தி, பாடசாலை விடும் நேரத்துக் கொட்டாஞ்சேனை. காட்சியைப் பார்த்துப் பொத்தானை அழுத்த மொழி அதிகம் தேவையில்லை என்பது தமிழ்ப் பயிலுநர்களுக்குக் கூடுதல் வசதி. ட்ரயலில் எட்டோடு இன்னும் இரண்டைச் சேர்த்தால் போதும்: 40இல் வந்து இரண்டு பிரேக்கையும் பிடித்து நேராக நிற்பது, தடையைக் கண்டு விலகுவது.

கடைசியாகச் செலவு. நாட்கூலிக்கும் ஓடருக்கும் ஓடும் பையனின் தலையில் இன்னொரு கட்டணத்தையும் இன்னொரு நாள் அலைச்சலையும் கட்டினால், அவன் அனுமதிப்பத்திரம் இல்லாமலே ஓடத் தொடங்குவான்; தரகர்களுக்கும் புது வருமானம் வரும். இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆகவே மேலதிகக் கட்டணம் கூடாது, எழுத்துப் பரீட்சை நடக்கும் அதே நாளில் அதே இடத்தில் இதுவும் முடிந்துவிட வேண்டும், பயிற்சிக் காட்சிகள் கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அரசிடம் பணமில்லை என்ற பதில் வரும். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள்காரருக்கும் சத்திரசிகிச்சையும் ஸ்கானும் வாரக்கணக்கான கட்டிலும் இலவசமாகவே தரப்படுகின்றன; அந்தப் பணத்தை அரசு ஏற்கனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.