மேடைச் சண்டையும் நமக்க பாட்டும்

2023 மாசிக் கொடைக்கு முன்னால் மண்டைக்காட்டில் ஒரு சண்டை நடந்தது. பகவதி அம்மன் கோயில் திருவிழாவில் வருசந்தோறும் நடக்கிற சமய மாநாட்டை யார் நடத்துவது என்கிற சண்டை. எண்பது வருசத்துக்கும் மேலாக நடத்தி வருவது ஹைந்தவ சேவா சங்கம். கோயில் அறநிலையத் துறை நிர்வாகத்தில் இருக்கிறது, ஆகவே மாநாட்டையும் துறையே நடத்தும் என்றது அரசுத் தரப்பு. பாரதிய ஜனதாவும் இந்து அமைப்புகளும் போராட்டத்தில் இறங்கின. பேச்சுவார்த்தை நடந்தது. மாநாடும் நடந்தது. இரண்டு தரப்பு அறிக்கையும் பத்திரிகையில் வந்தது. பாடுகிறவன், கொட்டுகிறவன், உடுக்கு அடிக்கிறவன் என்று மூன்றாவதாக ஒரு தரப்பு உண்டு என்பதே அந்தச் செய்திகளில் இல்லை.

இதில் எந்தத் தரப்புக்கு நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பக்தியோடும் எனக்குச் சண்டை இல்லை. எனக்க அம்மா நாற்பத்தொரு நாள் விரதமிருந்து இருமுடி கட்டி மண்டைக்காட்டுக்கு நடந்தவள். தலைவலிக்கு நேர்ந்துகொண்டு மண்டையப்பம் வைத்தவள். அங்கே இருப்பது ஒரு புற்று. சிற்பி வேண்டாம், சாஸ்திரம் வேண்டாம், கறையான் கட்டினது. அந்த மண்ணைக் கும்பிடுகிற சனங்களுக்குச் 'சமயம் போதிக்க' ஒரு மாநாடு ஏன் தேவைப்பட்டது?

வருசத்தைக் கொஞ்சம் பாருங்கள். திருவிதாங்கூர் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் போட்டது 1936 நவம்பர் 12. அதுவரை நம்மாளுக கோயிலுக்குள்ளே நுழைய முடியாது. இந்த மாநாடு தொடங்கியதும் அதே முப்பதுகளின் பிற்பகுதியில்தான். தெற்குத் திருவிதாங்கூரில் அதற்கும் நூறு வருசத்துக்கு முன்பே மயிலாடியில் சாம்பவர் வேதமாணிக்கத்தை முன்னிறுத்தி லண்டன் மிஷன் வேர்விட்டாச்சு. பள்ளிக்கூடம் வந்தாச்சு. இப்போது கோயில் கதவும் திறந்துவிட்டது. உள்ளே வந்தவனை எங்கே உட்கார வைப்பது? பந்தலுக்குக் கீழே, கேட்பவனாக. இது என்னுடைய வாசிப்பு. மறுக்கிறவர்கள் அந்த மேடையில் சாம்பவரும் புலையரும் என்றைக்கு என்ன பேசினார்கள் என்று பட்டியல் தரட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

மேடைப் போட்டி என்பது எங்கள் ஊரில் விளையாட்டுக் காரியம் அல்ல. 1982 மார்ச் 1ஆம் தேதி, இதே மாசிக் கொடை நாட்களில், மண்டைக்காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு மீனவர்கள் செத்தார்கள். ஒலிபெருக்கித் தகராறும் அந்தப் பகையின் ஒரு இழை. நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்து, ஆர்.எஸ்.எஸ். செய்த வேலையைக் கண்டித்தும் எழுதியது. குன்றக்குடி அடிகளார் இரண்டு பக்கத்துக்கும் நடந்து சமாதானம் பேசினார். ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதை ஒரு ஊரே கவனிக்கிறது என்றால், அந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து பாடுகிறவன் எதையெல்லாம் யோசிப்பான்?

இனி பாடுகிறவனைப் பற்றி.

எங்கள் தெருவில் ஒரு வில்லுப்பாட்டுப் புலவர் இருக்கிறார். எனக்கு மாமா முறை. குடம், உடுக்கு, தாளம், கட்டை என்று அஞ்சு பேர் கொண்ட குழு. நம்மாளுக கொடைக்கும் பாடுவார், மற்ற சாதிக்காரர் கொடைக்கும் பாடுவார். சில வருசத்துக்கு முன்னால் பக்கத்து ஊர் ஒன்றில் கோயில் கமிட்டி ரெண்டாகப் பிளந்தது. ஒரே நாளில் ரெண்டு பந்தல், ரெண்டு கொடை. மாமா ஒரு தரப்பிடம் ஏற்கெனவே அச்சாரம் வாங்கியிருந்தார், அங்கே போய்ப் பாடினார். வரி பாதிதான் பிரிந்தது என்று பேசின பைசாவில் பாதியைத்தான் கொடுத்தார்கள். மறுதரப்பு என்ன சொன்னது தெரியுமா? "அவனுக்க பந்தல்ல பாடினவன் எனக்க பந்தல்ல கால வைக்கப்பிடாது." அடுத்த மூணு கொடைக்கு அந்தத் தரப்பு அவரைக் கூப்பிடவில்லை. கமிட்டிக்காரர்கள் பிறகு ஒரு கல்யாண வீட்டில் ராசியாகிவிட்டார்கள். மாமாவோடு யாரும் ராசியாகவில்லை. ராசியாவதற்கு அவர் எப்போது சண்டை போட்டார்?

போட்டி வந்தால் கலைஞனுக்கு ரேட் ஏறுமே என்று ஒரு தோழர் கேட்டார். பொருளாதாரம் படித்தவர். நியாயமான கேள்விதான். ஆனால் போட்டி யாருக்காக நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வில்லுக்காரனைப் பிடிப்பதற்கா போட்டி? கூட்டத்தைப் பிடிப்பதற்கு. அவன் பந்தலில் ஆயிரம் தலை என்றால் என் பந்தலில் ரெண்டாயிரம். அதற்கு வேண்டியது இன்னிசைக் கச்சேரி, சினிமாப் பாட்டு, கேரளத்தில் இருந்து சிங்காரி மேளம், சீரியல் லைட்டு, பிளக்ஸ், காரில் வந்து இறங்குகிற சிறப்பு விருந்தினர். செலவு ரெட்டிப்பாகிறது, நிசம். ரெட்டிப்பான செலவில் எதைக் குறைக்கலாம் என்று கமிட்டி உட்கார்ந்தால் முதலில் விழுகிற பெயர் வில்லு. பெட்டி ஸ்பீக்கர் அலறும்போது பானை வாயில் பத்தியால் அடிக்கிற சத்தம் எங்கே கேட்கும்? நான் பார்க்க ஒரு கொடையில், எதிர்ப் பந்தல் பாட்டு முடியட்டும் என்று குழு முக்கால் மணி நேரம் வீசுகோலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. கமிட்டிக்காரர் வந்து, "என்ன புலவரே, ஒறங்குதீரா? பைசா சும்மா தருதோமா?" என்றார்.

இது ஊர்க் கமிட்டியோடு போகிற வியாதி என்று நினைக்க வேண்டாம். மேலே போகப் போக மேடை பெரிசாகிறது, வியாதி அதேதான். 2007ல் சென்னை சங்கமம் தொடங்கினார்கள். தமிழ் மையமும் கனிமொழியும் முன்னின்றார்கள். கிராமத்துக் கலைஞர்களைப் பூங்காவுக்கும் தெருவுக்கும் கூட்டி வந்தது நல்ல காரியம். நான் குறை சொல்லவில்லை. 2011ல் ஆட்சி மாறியது, சங்கமம் நின்றது. மறுபடி அரசு விழாவாக, நம்ம ஊரு திருவிழா என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு, பொங்கலுக்கு வந்தது 2023ல். நடுவில் பன்னிரண்டு வருசம். முப்பது வயசில் கரகம் எடுத்தவளுக்கு நாற்பத்திரண்டு ஆகியிருக்கும். அவள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டாள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அவளுடைய தை மாதம் ஒரு கட்சியின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

அதற்குச் சற்று முன்னால், 2022 நவம்பர், டிசம்பரில், ஒன்றிய அரசு காசித் தமிழ்ச் சங்கமம் நடத்தியது. காசியில் ஒரு சங்கமம், சென்னையில் ஒரு சங்கமம், மண்டைக்காட்டில் மாநாட்டுச் சண்டை. நாலைந்து மாதத்துக்குள் மூன்றும். தமிழ்ப் பண்பாடு யாருக்குச் சொந்தம் என்கிற ஒரே வழக்கின் மூன்று வாய்தா. அந்தப் பண்பாட்டைத் தோளில் சுமந்து ரயிலேறுகிறவனுக்கு இந்த வழக்கில் சாட்சிக் கூண்டுகூட கிடையாது. அவன் தடயப் பொருள்.

காசி என்றதும் எனக்கு மதுரைவீரன் நினைவுக்கு வருகிறான். சக்கிலியர் வீட்டுப் பிள்ளை, ராசா வீட்டுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். அவனை அப்படியே சாமியாகக் கும்பிட ஆதிக்க சாதிக்குக் கூச்சம். என்ன செய்தார்கள்? அவன் பிறந்தது காசி ராசாவுக்கு, காட்டில் போடப்பட்டுச் சக்கிலியன் எடுத்து வளர்த்தான் என்று கதையில் ஒரு பிறப்பைச் சொருகினார்கள். காத்தவராயனுக்கும் இதே வைத்தியம்தான். முத்துப்பட்டன் கதையை எடுங்கள். பார்ப்பான் பூணூலை அறுத்து, வாலப்பகடை மக்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டி, செருப்புத் தைத்தான் என்பதுதான் கதையின் உயிர். பின்னால் வந்தவர்கள் அந்தப் பெண்களே பார்ப்பாரப் பிள்ளைகள், காட்டில் கிடந்து எடுத்து வளர்த்தவை என்று திருத்தினார்கள். நா. வானமாமலை இந்தத் திருத்தத்தை அன்றைக்கே பிடித்துக் காட்டியிருக்கிறார்.

நான் சொல்ல வந்தது பழைய கதை அல்ல. இந்தத் திருத்த வேலை இன்றைக்கும் நடக்கிறது. மேடைகள் போட்டி போடும்போது இன்னும் வேகமாக நடக்கிறது. மாமாவே சொன்னது: "மக்களே, ஒரு கமிட்டிக்காரன் வந்து, பொம்மக்காவுக்க பெறப்ப மாத்திப் பாடும், எதிர்ப்பந்தல்காரன் நம்மள எளக்காரமா பேசுவான்னு சொன்னான். சரின்னு வந்தேன். டவுண்ல ஒரு முற்போக்கு விழாவுக்குக் கூப்பிட்டாவ. அங்க போனா, சாமி வரத்துப் பாட்டு வேண்டாம், அது மூடநம்பிக்கை, எட்டு நிமிசத்துல முடியும்ங்கான். குருவடி பாடவே எனக்கு எட்டு நிமிசம் ஆவும். ரெண்டு பேருக்கும் பாட்டு வேண்டாம், வில்லு மட்டும் வேணும். அதுவும் போட்டோவுக்கு."

ஒருத்தன் பிறப்பை மாற்றச் சொல்கிறான், இன்னொருத்தன் சாமியைக் கழற்றச் சொல்கிறான். ராத்திரி முழுக்கக் கோமரத்தாடி ஆடி, விடியும்போது சாவு பாடி, கேட்கிற கிழவி அழுது தீர்க்கிற கதை அது. அந்தச் சாவு நம்முடைய சாவு. சாதி மீறியதற்காகவும் ஆண்டைக்கு எதிரே நின்றதற்காகவும் செத்தவனைத்தான் நம் பாட்டன் சாமியாக்கிப் பாடி வைத்தான். நமக்கு எழுதி வைக்கப்படாத வரலாறு ஏட்டிலும் தொண்டையிலும் கிடக்கிறது. எட்டு நிமிசக்காரனுக்கும் பிறப்புத் திருத்துகிறவனுக்கும் நடுவில் அது நசுங்குகிறது. நான் இவ்வளவு கோபமாக எழுதுவது சம்பளத்துக்காக மட்டும் அல்ல.

நம்முடைய மேடைகளுக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் தலித் கலை விழாக்கள் நடந்தபோது பறை பற்றிப் பெரிய விவாதம் இருந்தது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கிழித்த இளைஞர்கள் உண்டு. அதை இழிவில் இருந்து மீட்டு விடுதலை இசையாக்குவோம் என்று மேடையேற்றியவர்கள் உண்டு. கே.ஏ. குணசேகரன் பாடினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. சபாக்காரர்களின் மார்கழியில் ஒரு ஓட்டை போட்டது அது. 2025ல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோசம். தோளில் வடு விழ அடித்தவருக்கு வந்தது. ஆனால் அந்த ஒரு சால்வையைக் காட்டி ஊரில் சாவு மேளத்துக்கு நிற்கிறவனின் கூலியைப் பேசாமல் விடுவது பழைய தந்திரம்.

நம் இயக்கங்களும் இப்போது ஒன்றல்ல, பல. நல்லது, இருக்கட்டும். ஏப்ரல் 14 வந்தால் ஒரே டவுணில் மூன்று மேடை, டிசம்பர் 6 வந்தால் நாலு. எல்லா மேடையிலும் அம்பேத்கர் படம், எல்லா மேடைக்கும் பறை வேண்டும். "சமூகத்துக்காகத்தானே தோழர்" என்று பஸ் காசு மட்டும் கொடுப்பார்கள், சில பேர் அதையும் மறந்துவிடுவார்கள். ஆட்டக்காரப் பையன் ஒருத்தன் போன வருசம் என்னிடம் சொன்னான், "அக்கா, அந்தக் கட்சி மேடையில அடிச்சேன்னு இந்தக் கட்சிக்காரங்க என்னை வாட்சப் குரூப்புல இருந்து தூக்கிட்டாங்க." கல்லூரிப் பையன். வார நாளில் பெயிண்ட் அடிக்கப் போகிறவன். கோயில் கமிட்டி சொன்ன அதே வசனம்தானே இது? அவன் 'பந்தல்' என்றான், நாம் 'இயக்கம்' என்கிறோம். பேச்சாளருக்குக் காரும் லாட்ஜும் போடுகிற இயக்கம், அடிக்கிறவனைக் கொள்கைக்குள் கணக்குத் தீர்க்கக் கூடாது. நம்மைத் திட்டி எழுதலாமா, எதிரி சிரிப்பானே என்றால், சிரிக்கட்டும். எதிரி நம்மிடம்தான் இதைக் கற்றுக்கொண்டான் என்று இல்லையே.

கலைஞன் எந்த மேடையில் பாட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சமய மாநாட்டுக்குக் கூப்பிட்டாலும் போகட்டும், அரசு விழாவுக்கும் போகட்டும், அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கும் போகட்டும். அரிசி வாங்கணும். என்ன பாட வேண்டும் என்பதை மட்டும் அவன் கையில் விட வேண்டும், பேசின பைசாவைப் பேசினபடி கொடுக்க வேண்டும். பிளக்சில் தலைவர் முகம் இருக்கிற அளவுக்கு வேண்டாம், ஓரத்திலாவது புலவர் பெயர் இருக்க வேண்டும். நலவாரிய அட்டை இருக்கிறதே என்பார்கள். அட்டை இருக்கிறது. கமிட்டிக்காரன் பாதிப் பைசா கொடுத்தால் அந்த அட்டை என்ன செய்யும்?

இந்த வருசம் மாமாவும் இன்னும் மூன்று குழுக்காரர்களும் சேர்ந்து ஒரு சீட்டு அச்சடித்தார்கள். வாசகத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அச்சாரம் வாங்கும்போதே கமிட்டி கையெழுத்துப் போட வேண்டும்: பேசின தொகை இவ்வளவு, பாட்டு முடிந்ததும் தரப்படும், கதை ஏட்டில் உள்ளபடி பாடப்படும், வேறு பந்தலில் பாடியதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. ஒரு பக்கம்தான். ரெண்டு கமிட்டி கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஒரு கமிட்டி பைசாவுக்கு மட்டும் சம்மதம் சொல்லி, கதை பற்றிய வரியை அடித்துத் திருப்பி அனுப்பியது. ஏப்ரல் 14க்கு மேடை போடுகிற நம் அமைப்புகளுக்கும் சீட்டு போயிருக்கிறது. இதை எழுதுகிற வரைக்கும் ஒன்றும் திரும்பி வரவில்லை.