சைவக் கொடுவா

மேற்கு மாம்பலத்தில் ஏரியே இல்லாத லேக் வியூ ரோடு இருக்கிறது. பழைய நெடுங்குளத்தை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் மிச்சம். பண்ணைக் கொடுவாவுக்கும் அதே கதி வரப் பார்க்கிறது. பெயர் கடல் மீன், உள்ளே சோயா எண்ணெய். பேட்டையின் ஆசாரத்துக்கு மீனும் ஒத்துப்போகிறது என்று சிரிக்கலாம்தான் :-)

ஆனால் இதற்குச் சொல்லப்படும் சமாதானம் இருக்கிறதே, அதுதான் எரிச்சல். தண்ணீர் சூடானால் மீன் வேகமாக வளருமாம், எனவே தமிழ்நாட்டு வெயில் வரமாம். மீன் எண்ணெயை எடுத்துவிட்டுத் தாவர எண்ணெய் ஊற்றினாலும் எடை குறையாதாம், எனவே கவலையே இல்லையாம்.

முதலில் சூடு. மீனின் உடல்வெப்பம் தண்ணீரோடு ஏறி இறங்குவது. சூடு ஏறினால் பசியும் செரிமானமும் கூடும், ஓர் எல்லை வரை. கொடுவா முப்பது டிகிரியை ஒட்டிய நீரில் ஜோராக வளரும். அதற்கு மேல்? 25 டிகிரி நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 35 டிகிரியில் 7 தான் (உப்புநீரில் இன்னும் குறைவு). அதே பத்து டிகிரிக்குள் மீனின் ஆக்சிஜன் தேவையோ ஏறக்குறைய இரட்டிப்பு. வரவு குறைந்து செலவு இரட்டிப்பான குடும்பம் எங்கே தழைப்பது? மே மாத விடியலில், இரவெல்லாம் பாசியும் சேர்ந்து மூச்சிழுத்துத் தீர்த்த குளத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதைப் பார்த்தவரிடம் போய் 'வரம்' என்று சொல்லிப் பார்க்கட்டும்.

அடுத்தது எண்ணெய். ரோகு, கட்லா எல்லாம் தவிடும் கடலைப் புண்ணாக்கும் தின்றே வளர்பவை. தாவரக் கொழுப்பிலிருந்து தமக்கு வேண்டியதை ஓரளவு தாமே செய்துகொள்ளும். அவற்றோடு சண்டையில்லை. கொடுவா வேட்டை மீன். இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்கிற ஒமேகா-3 கொழுப்புகளை இரையிலிருந்தே பெறுவது. தானே செய்யும் திறன் மிகக் குறைவு. தீவனத்தில் மீன்தூள் போதுமான அளவு இருந்தால் சோயா எண்ணெயிலும் எடை ஏறும். தராசுக்கு எதுவும் தெரியாது. சதையின் கொழுப்பு மட்டும் மாறிப்போயிருக்கும். ஸ்காட்லாந்துப் பண்ணை சால்மனில் 2006க்கும் 2015க்கும் இடையே இந்த இரண்டின் அளவு பாதியானது இப்படித்தான். இதயத்துக்கு நல்லதென்று டாக்டர் சொன்னதால் மீன் வாங்குபவர் எதற்குக் காசு கொடுக்கிறார்?

அதற்காக, மத்தியைப் பிழிந்து கொடுவாவுக்கு ஊற்று என்பதும் அநியாயம். கேரளத்தில் 2012இல் 3.9 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021இல் வெறும் 3,297 டன்! ஏழை வீட்டுக் குழம்பு மீன் அது.

நடுவழி ஒன்று உண்டு, புதிதும் அல்ல. வளரும் காலத்தில் தாவர எண்ணெய், பிடிப்பதற்கு முந்தைய சில வாரங்கள் மீன் எண்ணெய் கலந்த தீவனம். இழந்த ஒமேகா-3இல் பெரும்பகுதி சதைக்குத் திரும்பிவிடும். கொடுவாவைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து 1997இல் குஞ்சு எடுத்த உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் மாம்பலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ராஜா அண்ணாமலைபுரத்தில்தான் இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை. கிலோ கணக்கில் மட்டும் விலை பேசும் சந்தையில் அந்தக் கடைசி வாரச் செலவை எந்தப் பண்ணைக்காரர் ஏற்பார்? என்ன எண்ணெயில் வளர்ந்தது, எத்தனை ஒமேகா-3 என்று இரண்டு வரி பாக்கெட்டில் அச்சடிக்கச் சொன்னால், ஏற்பவருக்கு இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கும். பிஸ்கெட்டுக்கே அச்சடிக்கிறார்கள்..