கண்ணுக்குத் தெரியாத சிமிட்டல்: ஏர்போர்ட் எல்.இ.டி. பற்றி ஏன் பேசணும்?

டெக்னோபார்க்கில் வேலையை முடித்துவிட்டு, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் ராத்திரி ஃப்ளைட்டுக்குக் காத்திருக்கும்போது தலை லேசா வலிக்குதா? பசி, தூக்கமின்மை, லேப்டாப் என்று சந்தேகப்பட நிறைய இருக்கு. தலைக்கு மேல் எரியும் எல்.இ.டி.யையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதாவது, விநாடிக்கு 100 முறை அது பூஜ்யத்தைத் தொட்டு எழுகிறது. பழைய குண்டு பல்பில் இழை சூடாகவே இருப்பதால் அந்த இடைவெளி பெருசா தெரியாது. எல்.இ.டி.க்கு அந்தப் பொறுமை கிடையாது. மின்சாரம் குறைஞ்சா ஒளியும் அந்த நொடியே குறையும். அதைச் சமன் செய்வது உள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட். விலையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பதும் அங்கேதான்.

100 ஹெர்ட்ஸ் சிமிட்டலைப் பெரும்பாலானோரின் கண் பார்க்காது. ஆனா உடம்புக்குத் தெரியும். பிரிட்டனில் ஆர்னால்ட் வில்கின்ஸ் குழு 1989-ல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அலுவலகத்தின் டியூப்லைட்டுகளை அதிவேக மின்னணு சோக்குக்கு மாற்றியதும் தலைவலி, கண் சோர்வு புகார்கள் பாதிக்கும் கீழே போயின.

ஐ.இ.இ.இ. அமைப்பின் 2015 பரிந்துரைப்படி, 100 ஹெர்ட்ஸில் ஒளியின் ஏற்ற இறக்கம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் ஆபத்து குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2021 செப்டம்பர் முதல் சிமிட்டலுக்குச் சட்டப்படியே வரம்பு வைத்திருக்கிறது. இங்கே? 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேல் பல்புகள் விநியோகமாகின. கேரளம் 2020 நவம்பர் முதல் குண்டு பல்பு, சி.எஃப்.எல். விற்பனையை நிறுத்துவதாக பட்ஜெட்டிலேயே அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனா பேச்செல்லாம் வாட், யூனிட், மிச்சமான பணம் பற்றியே. ஒளியின் தரம் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

வீட்டு பல்பு பிடிக்கலைன்னா மாத்திடலாம். ஏர்போர்ட்டில் முடியாது. பயணிக்கு இரண்டு மணி நேரம், அவ்ளோதான். செக்-இன் கவுன்ட்டர் ஊழியருக்கும் எக்ஸ்ரே திரையைப் பார்க்கும் சி.ஐ.எஸ்.எஃப். வீரருக்கும் முழு ஷிஃப்ட். என் பார்வையில், அவர்கள்தான் இந்தக் கதையின் மையம். திருவனந்தபுரம் 2021 அக்டோபரிலிருந்து அதானி குழுமத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. சென்னை இன்னும் விமான நிலைய ஆணையத்திடம். யார் நடத்தினாலும், விளக்கு டெண்டரில் சிமிட்டல் அளவுக்கு ஒரு வரி சேர்ப்பது பெரிய செலவில்லை.

நீங்களே பார்க்கணுமா? போனில் ஸ்லோமோஷன் 240 ஃப்ரேமில் வைத்து விளக்கைப் படமெடுங்கள். சாதாரண வீடியோ வேண்டாம், பட்டைகளை போனே மறைத்துவிடும். ஸ்லோமோஷனில் வெளிச்சம் துடித்தால், அந்த டிரைவர் மலிவானது.